படங்குத் திரையும் பயணியின் பார்வையும்: பாங்கொக் கால்வாய்ப் படகுகள் பற்றிய எழுத்துகள் – ஒரு நோக்கு

1

பயண இலக்கியம் எமது விமர்சகர்களின் கவனத்தை அதிகம் பெறாத ஒரு துறையாகும். நாவல், சிறுகதை, கவிதை ஆகியவற்றுக்கென நாம் வகுத்துக்கொண்ட அளவுகோல்களுள் ஒன்றையேனும் பயணக் கட்டுரையின்பாற் பிரயோகிப்பது அரிதாகவே உள்ளது. அது தகவல் தரும், பொழுதைப் போக்க உதவும் என்ற அளவில் அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆயின், ஒருவர் தமக்குரியதல்லாத ஓர் ஊருக்குச் சென்று, அங்கு வாழும் மக்களைக் கண்டு, தாம் கண்டதை வேறோர் ஊராருக்கு எழுதுகிறார் எனும்போது, அவ்வெழுத்தினுள்ளே ஒரு சமூக உறவு பொதிந்திருக்கின்றது. பார்ப்பவர் யார்? எந்த இடத்தில் நின்று பார்க்கின்றார்? அவர் பார்ப்பதற்கு வாய்ப்பாக உழைப்பவர் யார்? இவ்வினாக்களை எழுப்பாதவரை, பயண எழுத்தின் நடையழகைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை.

இவ்வினாக்களைப் பொதுப்படையாக ஆராய்வதிலும் பார்க்க, ஒரே நீர்வழியைப் பற்றிப் பலர் எழுதியவற்றை ஒப்புநோக்குவது பொருத்தமாகும். அதற்குத் தாய்லாந்தின் தலைநகரான பாங்கொக்கின் கால்வாய்கள் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக அவற்றைப் பற்றி வெளிநாட்டார் எழுதி வந்துள்ளனர். உள்நாட்டுப் படைப்பாளிகளும் எழுதியுள்ளனர். இன்றும் அந்நகருக்குச் செல்லும் எவரும், சிறு தொகையைக் கட்டணமாகச் செலுத்தி, அந்நகரத்து மக்கள் வேலைக்குச் செல்லும் படகிலேயே ஏறிச் செல்லலாம். பார்வையாளரும் பார்க்கப்படுவோரும் ஒரே பலகையில் அருகருகே அமரும் இந்நிலை, பயண எழுத்தின் அடிப்படைச் சிக்கலை மிகத் தெளிவாக வெளிப்படுத்துகின்றது.

2

எழுத்துகளை நோக்குமுன் அந்நீர்வழியின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளுதல் அவசியம். ஏனெனில், பயணக் கட்டுரைகள் பலவற்றிற் கால்வாய் இயற்கை தந்த ஒரு காட்சிப் பொருளாகவே தோற்றமளிக்கின்றது. அது மனிதக் கரங்கள் வெட்டிய ஒன்று என்பது மறக்கப்பட்டுவிடுகிறது.

1782இல் முதலாம் இராமா மன்னர் சாவோ பிரயா ஆற்றின் கிழக்குக் கரையிற் புதிய தலைநகரை நிறுவினார். அது வண்டற் சமவெளி. கடல்மட்டத்திலும் சிறிதே உயர்ந்த நிலம். அத்தகைய நிலத்திற் கால்வாய் வெட்டுவது ஒரே வேளையிற் பல தேவைகளை நிறைவேற்றுவதாகும். வெட்டிய பள்ளம் வழியாகின்றது, வடிகாலாகின்றது, பாசன வாய்க்காலாகின்றது, அரணாகவும் உதவுகின்றது. வெட்டியெடுத்த மண் கரையாக உயர, அக்கரையிற் குடியிருப்புகள் தோன்றுகின்றன.

இன்று பொதுப் படகுகள் ஓடும் சேன் சேப் கால்வாய் 1837இல் தொடங்கி 1840இல் வெட்டி முடிக்கப்பட்டது. மூன்றாம் இராமா மன்னரின் ஆட்சிக்காலம் அது. கம்போடியாவின் மீதான ஆதிக்கத்தின் பொருட்டுச் சியாமும் வியட்நாமும் போரிட்டுக்கொண்டிருந்தன. படையையும் தளபாடங்களையும் கிழக்கே பாங் பக்கொங் ஆற்றுப் பக்கமாகக் கொண்டுசெல்லவே ஏறத்தாழ 72 கிலோமீற்றர் நீளமான இக்கால்வாய் அமைக்கப்பட்டது. கூலி பெற்ற சீனத் தொழிலாளர் இதனை வெட்டுவதில் ஈடுபட்டனர். தெற்கேயிருந்து போர்க் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட மலாய் முஸ்லிம்கள் இதன் கிழக்குக் கரைகளிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களின் கிராமங்களும் பள்ளிவாசல்களும் இன்றும் அங்குள்ளன. ‘சேன்’ என்பது இலட்சம். ‘சேப்’ என்பது சுரீரெனும் எரிவு. நுளம்புக் கடியினால் வந்த பெயர் அது என மக்கள் சொல்வர். மலாய்ச் சொல்லொன்றின் திரிபு எனக் கருதுவோரும் உளர். எவ்வாறாயினும், பெயரிலேயே உழைத்தவர்களின் உடம்பு பட்ட துன்பம் தங்கிவிட்டதாக மக்கள் நினைப்பது பொருள் பொதிந்ததாகும்.

1855இற் பிரித்தானியாவுடன் செய்துகொள்ளப்பட்ட பௌரிங் உடன்படிக்கையின் பின்னர், சியாம் உலகச் சந்தைக்கு அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியது. போருக்கென வெட்டப்பட்ட கால்வாயின் கரைகள் நெல்வயல்களாயின. அவ்வயல்களோடு கடனும், குத்தகையும், வட்டியும் வந்து சேர்ந்தன.

இங்கு ஒரு முரண்பாட்டை மனங்கொள்ள வேண்டும். பாங்கொக்கைக் ‘கீழைத்தேய வெனிசு’ என அழைத்து மகிழ்ந்தோர் ஐரோப்பியர். ஆனால் 1861இல் அந்நகரில் வாழ்ந்த ஐரோப்பியரே, வண்டியிற் சவாரி செய்ய வீதியின்மையாற் தமது உடல்நலம் கெடுவதாக நான்காம் இராமா மன்னரிடம் முறையிட்டனர். அம்முறையீட்டைத் தொடர்ந்தே 1862 முதல் 1864 வரையான காலத்திற் சரோன் குருங் வீதி அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டிற் கால்வாய்கள் பல தூர்க்கப்பட்டு வீதிகளாயின. அவ்வீதிகள் மோட்டார் வண்டிகளால் நிரம்பி அசையாது நின்றபோது, 1990இல் சேன் சேப் கால்வாயிற் பயணிகள் படகுச்சேவை தொடங்கப்பட்டது. ஆகவே இன்றைய படகு பழமையின் எச்சமன்று. வீதிகளை நம்பிய நவீன நகரம் தனது நெருக்கடியினின்றும் தப்புதற்குக் கண்ட வழியாகும். அதனைப் ‘பழைய பாங்கொக்கின் மணம்’ என எழுதுவோர் வரலாற்றைத் தலைகீழாக வாசிக்கின்றனர்.

3

ஜோசப் கொன்றாட் 1888 ஜனவரியில், ‘ஒற்றாகோ’ என்ற கப்பலின் தலைமையை ஏற்பதற்காகப் பாங்கொக் வந்தார். அவ்வனுபவத்தின் அடியாகப் பிறந்த ‘நிழற்கோடு’ என்னும் குறுநாவல் 1917இல் வெளிவந்தது. ஆற்றின் இருமருங்கும் மூங்கிலாலும் பாயாலும் ஓலையாலும் அமைந்த வீடுகள் பரந்து கிடப்பதையும், அத்துணைப் பெரிய குடியிருப்பில் ஆணியென்பதே மிக அரிதாயிருக்கும் என்பதையும் அதன் கதைசொல்லி வியந்து கூறுகின்றான். கூர்மையான அவதானம் இது. கடலோடியாகிய கொன்றாட்டுக்குக் கட்டுமானத்தின் நுட்பம் தெரியும். எனினும் அவ்வீடுகளைக் கட்டியவர் ஒருவர்கூட அங்கு முகங்காட்டவில்லை. கதைசொல்லி கப்பலின் தளத்தில் நிற்கின்றான்; நகரம் கரையிற் கிடக்கின்றது. இடையிலுள்ள நீரை அவன் கடப்பது தனது கப்பலை அடைவதற்காகவேயன்றி மக்களை அடைவதற்காகவன்று. இதனை ஒரு குறையாக மட்டும் கொள்ளுதல் நியாயமாகாது. தன் முதற் தலைமைப் பொறுப்பை ஏற்கும் இளைஞன் ஒருவனின் மனநெருக்கடியே அந்நாவலின் பொருள். நகரம் அதற்குப் பின்னணி. ஆயினும், ஒரு நகரம் பின்னணியாக மாறுவது எப்போதும் மற்றொருவரின் கதைக்காகவே என்பதை நாம் குறித்துக்கொள்ளலாம்.

சொமர்செற் மோம் எழுதி 1930இல் வெளிவந்த ‘வரவேற்பறையில் ஒரு கனவான்’ என்னும் பயணநூல் வேறுவகையானது. பர்மாவிலிருந்து சியாமூடாகப் பயணஞ்செய்த மோம், பாங்கொக்கில் மலேரியாக் காய்ச்சலால் வருந்தினார். கீழைத்தேயத்தின் நவீன நகரங்கள் அனைத்தும் ஒரே மாதிரியானவை என அவர் சலித்துக்கொள்கின்றார். நேரான தெருக்கள், ட்ராம் வண்டிகள், தூசி, இரைச்சல் என அடுக்குகின்றார். அதே மூச்சில், அந்நகரங்களை விட்டு நீங்கும்போது எதையோ தவறவிட்டதுபோலவும், அவை தமக்குள்ளே ஓர் இரகசியத்தை மறைத்து வைத்திருப்பது போலவும் தோன்றுவதாகவும் கூறுகின்றார். மோமின் நேர்மை இவ்விடத்தில் வெளிப்படுகின்றது. அவரது நோக்குநிலையின் எல்லையும் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. தாம் எதையோ காணவில்லை என்பது அவருக்குத் தெரிகின்றது. ஆனால் அக்காணாமைக்குக் காரணம் தாம் நின்ற இடம் என அவர் கொள்ளவில்லை. நகரம் மறைக்கின்றது என்று கொள்கின்றார். விருந்தினரின் அறியாமை வீட்டாரின் இரகசியமாக மாற்றப்படுகின்றது. ‘மர்மம் நிறைந்த கிழக்கு’ என்ற கருத்துநிலை உருவாகும் வழிகளுள் இதுவும் ஒன்று.

‘கீழைத்தேய வெனிசு’ என்ற தொடரையும் இவ்வகையிலேயே நோக்கவேண்டும். உவமை அறியாததை அறிந்ததன் துணைகொண்டு விளக்குவது என்பது எமது அணியிலக்கண மரபறிந்த செய்தி. ஆனால் விளக்கவேண்டிய பொருளை மறைத்துவிடும் உவமையும் உண்டு. வெனிசு என்றதும் பளிங்கு மாளிகையும் பாட்டும் நினைவுக்கு வருகின்றன. நெல் மூட்டையும் வடிகாலும் வட்டிக்கடனும் நினைவுக்கு வருவதில்லை. வெனிசிலும் உழைக்கும் மக்கள் நாள்தோறும் பொதுப் படகில் ஏறி வேலைக்குச் செல்கின்றனர் என்பதையும் அவ்வுவமை மறைத்துவிடுகின்றது. ஒரே தொடர் இரண்டு நகரங்களுக்கு அநீதி இழைக்கின்றது.

4

இனி, அதே கால்வாயை அங்குள்ளோர் எவ்வாறு எழுதினர் என்பதை நோக்குவோம். மாய் முவாங்தேம் என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளர் 1936இல் வெளியிட்ட ‘பிளே காவ்’ என்னும் நாவல் தாய்லாந்தின் மிகப் பிரசித்தமான காதற் கதைகளுள் ஒன்று. ‘பழைய வடு’ எனத் தலைப்பைத் தமிழாக்கலாம். சேன் சேப் கரையிலுள்ள பாங் கப்பி அதன் களம். குவான், ரியம் என்னும் இரு விவசாயக் குடும்பத்து இளைஞர் பகைமை கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கரையோர ஆலமரத்துத் தெய்வத்தின் முன் அவர்கள் காதல் உறுதி பூணுகின்றனர். ரியமின் தந்தை அவளைப் பாங்கொக்கிலுள்ள செல்வப் பெண்ணொருத்தியிடம் விற்றுவிடுகின்றார். இறந்துபோன தன் மகளின் சாயலை ரியமிற் கண்ட அப்பெண், அவளை மகள்போல வளர்க்கின்றாள். நகரத்து நாகரிகம் பெற்ற ரியம் தன் தாயின் மரணத்தின்போது ஊர் திரும்புகின்றாள். முடிவிற் காதலர் இருவரும் அக்கால்வாய் நீரிலேயே மாள்கின்றனர்.

கதையமைப்பில் மிகையுணர்ச்சி உண்டு. தற்செயல் நிகழ்ச்சிகளும் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும், கால்வாய்க்கு இக்கதையில் உள்ள இடம் ஊன்றி நோக்கத்தக்கது. கொன்றாட்டுக்கு நீர் ஒரு தூரம். இக்கதையிலோ நீர் ஓர் உறவு. கிராமத்தையும் நகரத்தையும் அது இணைக்கின்றது, அவ்விணைப்பு சமமானதன்று. நெல் எத்திசையிற் செல்கின்றதோ அத்திசையிலேயே பெண்ணும் செல்கின்றாள். விளைபொருளும் மகளும் விலையாகும் ஒரு பொருளாதாரத்தின் வழித்தடமாகக் கால்வாய் அமைகின்றது. நகரத்துப் பெண் ரியமிடம் அன்பு காட்டுகின்றாள் என்பது உண்மை. ஆனால் அவள் காண்பது ரியமையன்று, தன் இறந்த மகளின் சாயலையே. பாங்கொக்கிலே வெனிசைக் கண்ட பயணிக்கும், ரியமிலே தன் மகளைக் கண்ட சீமாட்டிக்கும் இடையே உள்ள ஒப்புமை சிந்திக்கத்தக்கது.

1977இல் செர்ட் சொங்ஸ்ரி இக்கதையைத் திரைப்படமாக்கினார். அது பெருவெற்றி பெற்றதோடு, 1981இல் பிரான்சின் நாந்த் நகரத்திரைவிழாவிற் பரிசும் பெற்றது. எருமையும் வயலும் நீரும் நிறைந்த அப்படத்தின் காட்சிகள், அவை படமாக்கப்பட்ட காலத்திலேயே பாங் கப்பியில் வேகமாக மறைந்துகொண்டிருந்தவை. இன்று அப்பகுதி அடுக்குமாடிகளும் பெரிய விற்பனை நிலையங்களும் நிறைந்த புறநகர். பொதுப் படகில் ஏறுவோர் பலர் அங்கிருந்தே வருகின்றனர். குவானும் ரியமும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கரையிலிருந்து இன்றும் மக்கள் ஒவ்வொரு காலையும் நகருக்குச் செல்கின்றனர்; மாலையில் திரும்புகின்றனர். திரும்ப முடிகின்றது என்பதே அவர்களுக்கும் ரியமுக்கும் உள்ள வேறுபாடு.

5

அப்படகுச்சேவை ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரம் நடைபெறுகின்றது. மேற்கே வாட் சக்கேத் என்னும் விகாரையின் பொன்மலைக்கு அண்மையிலுள்ள பான் பா துறையிலிருந்து, கிழக்கே பாங் கப்பியைக் கடந்து செல்கின்றது. நடுவே பிரத்துநாம் என்ற துறையிற் படகு மாறவேண்டும். ‘நீர்க்கதவு’ என்பது அப்பெயரின் பொருள். முன்னர் அங்கிருந்த மதகினால் வந்தது. போ பே என்னும் மொத்த ஆடைச் சந்தை, சீநக்கரின்விரோட் பல்கலைக்கழகம், 1971இல் தொடங்கப்பட்ட ராம்கம்ஹேங் திறந்த பல்கலைக்கழகம் ஆகியன இவ்வழியில் உள்ளன. எனவே பயணிகளுள் அலுவலக ஊழியர், கடைச் சிப்பந்திகள், மாணவர் ஆகியோரே பெரும்பான்மையினர். மிகக்கூடிய கட்டணமும் தெருவோரச் சாப்பாடு ஒன்றின் விலையைத் தாண்டாது.

படகு துறையில் அணைந்து நிற்பது சில கணங்களே. கதவென ஒன்றில்லை, பக்கவாட்டிலுள்ள கயிற்றைப் பற்றி, விளிம்பில் மிதித்து உள்ளே இறங்கவேண்டும். கட்டணம் அறவிடுவோர் படகின் வெளிவிளிம்பில், தலைக்கவசம் அணிந்து, கயிற்றைப் பிடித்தவாறே நடந்து செல்கின்றனர். பாலங்கள் சில மிகத் தாழ்ந்தவையாதலாற் படகின் கூரை பதிந்து எழக்கூடியதாக அமைக்கப்பட்டுள்ளது. பாலம் நெருங்குகையிற் கூரை தாழ்கின்றது; வெளியே நிற்பவர் குனிகின்றார். நீர் கறுத்தது, நகரத்தின் கழிவுகள் அதிற் கலக்கின்றன. அது பயணிகள்மீது தெறியாதிருக்கப் படகின் இருமருங்கும் படங்குத் திரை கட்டப்பட்டுள்ளது. அத்திரையை உயர்த்தும் கயிறு விளிம்பில் அமர்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் உண்டு.

இவ்விடத்தில் இக்கட்டுரையாளர் தம்மைப் பற்றி ஒரு செய்தி கூறவேண்டியுள்ளது. அந்நகருக்குச் சென்றிருந்த நாளொன்றில், பிரத்துநாமிலிருந்து கிழக்கே செல்லும் படகில் ஏறி, காட்சிகளை நன்கு காணும்பொருட்டு விளிம்பு ஆசனத்தையே தேடி அமர்ந்தேன். மரவீடுகளின் பின்புறங்கள், காயும் உடைகள், பூச்சட்டிகள், மீன்களுக்கு உணவிடும் ஒரு முதியவர் என அனைத்தையும் மனத்திற் குறித்துக்கொண்டிருந்தேன். எதிரே மற்றொரு படகு வேகமாக வந்தது. அலை எழுந்தது. எனக்குப் பின்னால் இருந்தவர்களின் உடைகளிற் கறுத்த நீர் தெறித்தது. எனக்கு அருகில், அலுவலக உடையணிந்திருந்த ஒரு பெண், ஒன்றும் கூறாது, என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். திரை உயர்ந்தது. காட்சி மறைந்தது. அப்போதுதான் ஏனைய வரிசைகளின் விளிம்பிலிருந்தோர் அனைவரும் முன்னரே தத்தம் கயிறுகளை இழுத்துப் பிடித்திருந்ததைக் கண்டேன். நான் காட்சிக்கெனத் தெரிந்தெடுத்த ஆசனம், அப்படகின் வழக்கில் ஒரு கடமைக்குரிய ஆசனம்.

இச்சிறு நிகழ்ச்சியை இங்கு கூறுவது மன்னிப்புக் கேட்பதற்காகவன்று. பயண எழுத்தைப் பற்றிய ஒரு விதியை அது எனக்குக் கற்பித்தது என்பதற்காகவே. திரையைத் தாழ்த்தி வைத்திருப்பவனுக்குக் காட்சி கிடைக்கின்றது. அதன் விலையை அருகிலிருப்பவர் செலுத்துகின்றார். திரையை உயர்த்துபவனுக்குக் காட்சி இல்லை; ஆனால் அவன் அப்படகின் பயணிகளுள் ஒருவனாகின்றான். கொன்றாட்டின் கப்பற்தளத்திலும் மோமின் விடுதியிலும் இத்தெரிவு எழவில்லை. பொதுப் படகிலே அது தவிர்க்கமுடியாததாகின்றது.

தற்காலப் பயணக் குறிப்புகள் பலவற்றில் இத்தெரிவு எவ்வாறு கையாளப்படுகின்றது? சேன் சேப் படகு அவற்றில் ஒரு ‘சாகசம்’ ஆகின்றது. பாய்ந்து ஏறுவதும், தலையைக் குனிவதும், நாற்றமும், தெறிப்பும் வீரக் கதைகளாகச் சொல்லப்படுகின்றன. வாடகைப் படகிற் செல்லும் ஏனைய வெளிநாட்டாரைக் காட்டிலும் தாம் மேலானவர், ‘உண்மையான’ நகரைக் கண்டவர் என்னும் பெருமிதமும் அவற்றில் இழையோடுகின்றது. இது பழைய பார்வைக்கு மாற்றாகத் தோன்றினும் உண்மையில் அதன் மறுவடிவமே. முன்னையவர் அழகைத் தேடினர். இவர்கள் அசௌகரியத்தைத் தேடுகின்றனர். இரண்டிலும் அங்கு வாழ்வோரின் அன்றாட வாழ்வு வந்தவரின் அனுபவத்துக்குச் சுவையூட்டும் பண்டமாகின்றது. நாள்தோறும் இருமுறை தெறிப்பை ஏற்கும் ஒருவருக்கு அது சாகசமன்று. வேறு வழியிலே சென்றால் வேலைக்குப் பிந்திவிடும் என்பதே அவர் கணக்கு.

6

ஒரே துறையின் இரு கரைகள் இவ்விடயத்தை மேலும் தெளிவாக்கும். சபான் ஹுவா சாங், அதாவது ‘யானைத்தலைப் பாலம்’, என்னும் துறையில் வெளிநாட்டார் பலர் இறங்குகின்றனர். அமெரிக்கரான ஜிம் தொம்சன் பழைய தேக்குமர வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தி அமைத்த இல்லம் கால்வாயோரத்தில் அங்குள்ளது. இப்போது அரும்பொருட் காட்சியகமாக விளங்குகின்றது. தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்கு அறிமுகஞ்செய்த அவர், 1967இல் மலேசியாவின் கமரன் மலைப்பகுதியிற் காணாமற்போனார். அம்மர்மம் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் அளவிறந்தன.

அவ்வில்லத்துக்கு எதிர்க்கரையில் உள்ளது பான் குருவா. முதலாம் இராமா மன்னரின் படையிற் பணிபுரிந்த சாம் இன முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் வாழும் குடியிருப்பு அது. தொம்சன் பெயர் பெறக் காரணமான பட்டுத் துணிகளை நெய்தவர்களுள் முக்கியமானோர் இந்நெசவாளரே. 1980களின் இறுதியிற் தொடங்கிப் பல்லாண்டுகள், தமது குடியிருப்பினூடாகத் திட்டமிடப்பட்ட அதிவேகப் பாதையின் இணைப்பு வீதியை எதிர்த்து அவர்கள் போராடினர். 1993இற் பகிரங்க விசாரணையொன்று நடைபெறும் அளவுக்கு அப்போராட்டம் வலிமை பெற்றது. அவ்வீதி இறுதியில் அமைக்கப்படவில்லை. கால்வாயைத் தூர்த்து வீதியாக்கும் நூற்றாண்டுப் போக்கின் எதிரே, ஒரு சிறு நெசவாளர் சமூகம் நின்று வென்றது என்பது அந்நகர வரலாற்றில் சிறிய செய்தியன்று.

ஆனால் பயணக் கட்டுரைகளில் ஒரு கரையில் மர்மம் உண்டு. மறுகரையில் ‘அழகிய பழைய மரவீடுகள்’ உண்டு. காணாமற்போன ஒருவர் எல்லோருக்கும் தெரிந்தவராகவும், காணாமற்போக மறுத்த ஒரு மக்கட் கூட்டம் எவருக்கும் தெரியாததாகவும் இருப்பது வெறும் தற்செயலன்று. எங்கே இறங்கவேண்டும் எனப் பயணிக்குச் சொல்லப்படுவது எதுவோ அதுவே அவர் காண்பதையும் தீர்மானிக்கின்றது. அவ்விரு கரைகளையும் ஒரு சிறு பாலம் இணைக்கின்றது என்பதையும் கூறவேண்டும். கடப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

7

அவ்வாறாயின், வந்துபோகும் ஒருவர் எழுதவே கூடாதா? அவ்வாறு கூறுவது எமது நோக்கமன்று. அங்கு பிறந்தவர் மட்டுமே ஓர் ஊரைப் பற்றி எழுதலாம் என்ற வாதம், மனிதர் ஒருவரையொருவர் அறியும் வாயிலையே அடைத்துவிடும். வினா எழுதலாமா என்பதன்று, எவ்வாறு எழுதுவது என்பதே.

இதற்கு எமது மரபில் ஓர் இலக்கிய வகை துணைபுரியக்கூடும். தொல்காப்பியப் புறத்திணையியல் குறிப்பிடுவதும், பத்துப்பாட்டின் ஐந்து பாடல்கள் மேற்கொள்வதுமான ஆற்றுப்படையே அது. வழி நடந்து வந்த ஒருவன், அவ்வழியே செல்லவிருக்கும் தன்போன்ற வறியவன் ஒருவனுக்கு வழி கூறுகின்றான். எவ்வூரில் எம்மக்கள் வாழ்கின்றனர், அவர் செய்யும் தொழில் யாது, அவர் தரும் உணவு யாது, வழியின் இடர் யாது என்பனவெல்லாம் அதில் அடங்குகின்றன. கானவரும் ஆயரும் உழவரும் மீனவரும் அங்கே பின்னணியல்லர். வழிப்போக்கனுக்குச் சோறிடும் மனிதர்கள். பெறுபவன் தான் பெற்றதை மறைப்பதில்லை. இம்மரபை அப்படியே இலட்சியமாக்கிவிடவும் கூடாது. ஆற்றுப்படையின் வழி முடிவிற் புரவலனின் வாயிலையே சென்றடைகின்றது. அவனைப் புகழ்வதே அதன் பயன். இன்றைய வழிகாட்டி நூல்களும் தமக்குரிய புரவலர்களிடமே பயணியைக் கொண்டுசேர்க்கின்றன என்பதை எண்ணினால், இம்மரபின் வலிமையோடு அதன் எச்சரிக்கையும் விளங்கும்.

தற்காலத் தமிழிற் பயண எழுத்துக்குத் தனியிடம் தேடித் தந்த ஏ. கே. செட்டியாரின் கட்டுரைகள் இவ்வகையிற் கவனத்துக்குரியன. தாம் சென்ற நாடுகளின் பெருமைகளைப் பட்டியலிடுவதிலும் பார்க்க, வழியிற் சந்தித்த சாதாரண மனிதர் தம்மிடம் கூறியதையும் தமக்குச் செய்ததையும் ஆரவாரமின்றிப் பதிவு செய்வதிலே அவர் நாட்டங்கொண்டார். தம்மை வீரராகக் காட்டிக்கொள்வதைத் தவிர்த்தமையே அவரது நடையின் எளிமைக்குக் காரணம் எனலாம். நடை என்பது சொற்களின் தெரிவு மட்டுமன்று. ஒருவர் பிறர் நடுவே எங்கே அமர்கின்றார் என்பதன் வெளிப்பாடும் ஆகும்.

ஈழத்துத் தமிழில், பிறநாடுகளைப் பார்க்கச் செல்பவரை ‘உல்லாசப் பயணி’ எனக் குறிப்பிடுகின்றோம். பஸ்ஸிலும் படகிலும் நாள்தோறும் செல்பவர் வெறும் ‘பயணி’. ஒரே பெயர்ச்சொல்லுக்கு முன் ஓர் அடை சேர்ந்ததும் இரண்டு மனிதர் பிரிந்துவிடுகின்றனர். ஒருவருக்குப் பயணம் உல்லாசம். மற்றவருக்கு அது உழைப்பின் ஒரு பகுதி, ஆனால் கூலி இல்லாத பகுதி. பொதுப் படகு இவ்விருவரையும் ஒரே பலகையில் இருத்துகின்றது. பலகை ஒன்றாவதனால் நிலை ஒன்றாகிவிடாது. ஒருவர் நாளை விமானமேறிவிடுவார், மற்றவர் நாளையும் அதே துறையிற் காத்திருப்பார். இவ்வேறுபாட்டை மறந்து ‘நானும் அவர்களுள் ஒருவன்’ என எழுதுவது பொய். அவ்வேறுபாட்டையே காரணமாகக் காட்டிக் கயிற்றை இழுக்காதிருப்பது அதனினும் பெரிய தவறு.

ஆகவே, இத்தகைய எழுத்தை மதிப்பிடுவதற்கு ஓர் எளிய அளவுகோலை முன்மொழியலாம். ஒரு பயணக் கட்டுரையை வாசித்து முடித்ததும், எழுதியவர் கண்ட காட்சி எவ்வளவு அழகானது என்பதோடு நின்றுவிடாது, அவர் அக்காட்சியைக் காணும்போது அருகில் இருந்தவர் யார், அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார், காட்சியின் விலையை யார் செலுத்தினார் என்பனவற்றுக்கு அக்கட்டுரையில் விடை உண்டா எனக் கேட்கவேண்டும். கொன்றாட்டின் கலைத்திறனை இவ்வளவுகோல் குறைத்துவிடாது. ஆனால் அத்திறன் எங்கே நின்றது என்பதைக் காட்டும். ‘பிளே காவ்’ கதையின் மிகையுணர்ச்சியை இது மன்னித்துவிடாது. ஆனால் அதன் உண்மை எங்குள்ளது என்பதைக் காட்டும்.

எமது மாணவர்களும் விரிவுரையாளர்களும் இன்று முன்னெப்போதையும்விட அதிகமாக வெளிநாடுகளுக்குச் செல்கின்றனர். திரும்பி வந்து எழுதுகின்றனர். எழுத அமரும்போது, காணக் கிடைத்ததைப் போலவே, திரை உயர்ந்திருந்தமையாற் காணக் கிடைக்காததையும் அவர்கள் எழுதவேண்டும். அத்திரையை உயர்த்திய கை எவருடையது என்பதையும் அவர்கள் எழுதவேண்டும்.